செவ்வாடையும் வெள்ளை வேட்டியும்: முகையூர் வாளி ஒன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கடந்த தை மாதம், முகையூரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஒரு செவ்வாடைப் புடவையும் ஒரு வெள்ளை வேட்டியும் இரவு முழுக்க ஒன்றாக ஊறின. காலையில் புடவை சிவப்பாகவே இருந்தது. வேட்டி ரோஸ் நிறத்தில் எழுந்தது. மேல்மருவத்தூருக்கு மாலை போட்டவர் என் மனைவி. வேட்டி என்னுடையது. இரண்டையும் சேர்த்து ஊறப்போட்டது யார் என்பதில் இன்றுவரை கருத்தொற்றுமை இல்லாததால், அவ்வினா இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

2. முன்னோர் கொள்கைகள்

இத்துறையில் மூன்று கட்சிகள் உண்டு.

உப்புக் கட்சிக்குத் தலைவர் என் அம்மா. "ரெண்டு கை கல்லுப்பு போட்டு ஊற வைடா, சாயம் நின்னுடும்" என்பது அவர் கொள்கை. சாயத்தொட்டியில் உப்பு உண்மையாகவே வேலை செய்கிறது. தண்ணீரில் பருத்தியும் சாயமும் ஒரே மின்னேற்றம் கொண்டு ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தச் சண்டையைத் தணித்துச் சாயத்தை நூலுக்குள் அனுப்பும். அனுப்பி வைக்குமே தவிர, கட்டிப்போடாது. அடுத்த முறை வெறும் தண்ணீரைக் கண்டால் சாயம் புறப்பட்டுவிடும்.

படிகாரக் கட்சி பழமையானது. சோழமண்டலக் கரையில் சாயவேர்ச் சிவப்பைப் படிகாரத்தாலும் கடுக்காயாலும்தான் துணியில் பிடிக்கவைத்தார்கள். அது சாயம் ஏற்றும்போதே செய்ய வேண்டியது. கடையில் வாங்கிய துணிக்குப் படிகாரம் போடுவது, கல்யாணம் முடிந்தபின் ஜாதகம் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

வினிகர் கட்சி புதியது. பட்டிலும் கம்பளியிலும் ஏறும் சாயங்களுக்கு அமிலம் துணை செய்யும். பருத்திக்கு ஊறுகாய் வாசனைதான் மிச்சம்.

3. சாயம் போவதன் காரணம்

1956இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம், பருத்தியோடு வேதிப்பிணைப்பே கொள்ளும் சாயங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிணைந்த சாயம் எளிதில் விடாது. ஆனால் தொட்டியில் ஒரு பங்கு, பருத்தியை விட்டுத் தண்ணீரோடு கூடிவிடும். பிறகு அது எதிலும் ஒட்டாமல் நூலிடுக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும். அதைச் சுடுநீரில் பலமுறை அலசி வெளியேற்றுவது சாயப்பட்டறையின் கடமை. தண்ணீரையும் எரிபொருளையும் மிச்சம் பிடித்தால் அந்த அலசல் நம் வீட்டுக்கு வருகிறது. ஆக, முகையூர் வாளி என்பது பட்டறையின் கடைசித் தொட்டி. நாம் அதன் சம்பளமில்லாத ஆள்.

திண்டிவனம் பக்கம் பயிராகும் அவுரி வேறு ரகம். தகரை விதையும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளிக்கவைத்த தொட்டியில் மஞ்சள் கலந்த பச்சையாகத் துணியில் ஏறி, காற்றுப் பட்டதும் நீலமாகி, கரையாப் பொருளாய் நூலுக்குள் அடைபடும். தேய்த்தால் கையில் ஒட்டும். தண்ணீரில் கரைந்து ஓடாது. நீலத்தொட்டியில் விழுந்த நரி மழையில் வெளுத்த கதை, இதன்படி மறு ஆய்வுக்குரியது.

4. புறச்சான்று

சாயம் போவது குற்றம்தானா என்ற வினாவும் எழுகிறது. 1958இல் துணி வணிகர் கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து மெட்ராஸ் கட்டம்போட்ட துணி அமெரிக்காவின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போனது. அங்கே துவைத்ததும் கட்டங்கள் ஒன்றில் ஒன்று கலந்தன. வழக்குப் போடும் அளவுக்குப் பேச்சு முற்றியபோது, சாயம் போவது உறுதி என்பதையே விளம்பரமாக்கி விற்றுத் தீர்த்தார்கள். என் வேட்டியை முன்வைத்து இதே வாதத்தை வீட்டில் எடுத்துரைத்தேன். அமெரிக்காவில் எடுபட்டது இங்கே எடுபடவில்லை.

5. சோதனையும் முடிவும்

ஆய்வகங்களில் துணியோடு வெள்ளைத் துணியைச் சேர்த்துத் துவைத்து, கறையை 1 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். 5 என்றால் கறையே இல்லை. முகையூர் முறை இன்னும் எளிது: புதுத்துணியின் உள்மடிப்பில் ஈரக் கைக்குட்டையை வைத்து அழுத்த வேண்டும். கைக்குட்டை நிறம் மாறினால், தண்ணீர் தெளியும்வரை தனி வாளி, தனி அலசல், நிழலில் காயவைத்தல்.

"தனியா ஊற வைங்கன்னு அப்பவே சொன்னேன்" என்று என் மனைவி மூன்றே நொடியில் எட்டிய முடிவும் இதுவே.

கூடுதலாக ஒரு கண்டுபிடிப்பு: புடவையில் ஓர் இரவு நிற்காத அந்தச் சாயம், வேட்டியில் ஏழு துவையல் தாண்டியும் அசையாமல் இருக்கிறது.