சிக்கனச் சிகார்க்காரர்

நம்மவருக்குச் சுருட்டு ஆகாது, நாற்றமாம். சிகார் என்றால் உயிர்.

உடப்புக்கும் முந்தலுக்கும் நடுவே இறால் பண்ணை வைத்திருக்கிறார். நாற்பதைத் தாண்டிய வயது, கட்டாரில் உழைத்த காசு, ஒரு பழைய டபிள்கெப். கட்டாரில் இருந்த காலமெல்லாம் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடாத மனுஷன். வெண்புள்ளி நோய் வந்து ஒரு குளத்து இறாலை முழுசாக வாரிக் கொட்டிய வருஷம்தான் விதி வேறு பக்கம் திரும்பிற்று. மனம் ஆற ஆலங்குடாப் பக்கம் போனவர், பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலையில் சறுக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவரைக் கண்டார். சாய்கதிரையில் காலை நீட்டி, வாயில் ஒரு சிகார், கண் கடலில். முழுசாக ஒரு மணித்தியாலம். ஒருவரும் அவரிடம் வந்து, “சும்மாதானே இருக்கிறாய், இந்த மோட்டரை ஒருக்காப் பார்” என்று சொல்லவில்லை.

நம்மவரைப் பிடித்துக்கொண்டது புகையல்ல, அந்த ஒரு மணித்தியாலம். எங்கள் கரையில் ஒரு ஆம்பிளை பட்டப்பகலில் கதிரை போட்டுக் கடலைப் பார்த்தால், ஒன்று அவருக்குச் சுகமில்லை, இல்லாவிட்டால் கடன் கொடுத்தவனுக்குப் பயந்து இருக்கிறார் என்று அர்த்தம். கையில் சிகார் இருந்தால் மட்டும் அதற்கு ரசனை என்று பெயர்.

ரசனைக்கும் ஒரு பட்ஜெட் உண்டு. கியூபாச் சரக்கின் விலையைக் கேட்ட அன்றே அதைக் கொள்கையளவில் நிராகரித்துவிட்டார். “பெயருக்குக் காசு குடுக்கிற ஆள் நானில்லை” என்பார். நிக்கராகுவா, ஹொண்டூராஸ், டொமினிக்கன் குடியரசு மூன்றையும் தேசப்படத்தில் காட்டச் சொன்னால் விரல் தடுமாறும். எந்த நாட்டு இலை காரம், எது மெது என்று நித்திரையிலும் சொல்வார். கட்டாரிலிருந்து மச்சான் வரும்போதெல்லாம் நாலைந்து கொண்டுவர வேண்டும். மலிவாகவும் இருக்கவேண்டும், மலிவென்று பார்வைக்குத் தெரியவும் கூடாது. மச்சான் ஒருமுறை உண்மையிலேயே மலிவானதை வாங்கி வந்துவிட்டார். இலையை முழு நீளத்துக்கு வைத்துச் சுற்றாமல், வெட்டி விழுந்த துண்டுகளை உள்ளே அடைத்த சாதி. நல்ல சிகாரில் ஓர் அங்குலச் சாம்பல் உதிராமல் நிற்கவேண்டும் என்பது நம்மவரின் வேதம். இது இரண்டாவது இழுப்பிலேயே சாரத்தில் கொட்டிப் பொத்தல் போட்டது.

சிகாரில் மிச்சம் பிடிக்கிற காசெல்லாம் அதன் பரிவாரத்துக்குப் போகிறது. நுனி வெட்ட ஒரு கத்தரி. காற்றுக்கு அணையாத நீலச் சுவாலை லைட்டர். உள்ளே சீடர் பலகை அடித்த பெட்டி. பெட்டிக்குள் எவ்வளவு ஈரம் என்று காட்ட ஒரு மானி. அந்த ஈரத்தை 65 வீதத்துக்கும் 70 வீதத்துக்கும் இடையில் கட்டிப்போடும் பொட்டலங்கள். இந்தப் பெட்டி பிறந்தது குளிர்நாட்டின் வறண்ட காற்றுக்காக. அங்கே விட்டுவிட்டால் சிகார் காய்ந்து நொறுங்கும். எங்கள் களப்புக் கரையில் காற்றே அந்த அளவுக்கு மேல் ஈரம். இங்கே சிகார் காய்வதெங்கே, பூஞ்சணம்தான் பிடிக்கும். உலகம் முழுவதும் சிகாருக்கு ஈரம் ஊட்டிக்கொண்டிருக்க, நம்மவர் மட்டும் காசு கொடுத்து ஈரத்தை வெளியேற்றிக்கொண்டிருக்கிறார்.

மானி சரியா பிழையா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. போத்தல் மூடியில் உப்பை வைத்து, சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறாக்கி, மானியோடு ஒரு பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடவேண்டும். அரை நாள் கழித்து 75 காட்டினால் மானி நல்லது. பௌதிக விதி, எந்த ஊர் உப்புக்கும் ஒன்றுதான். ஆனால் நம்மவர் இதைச் செய்யத் தேர்ந்தெடுத்த வருஷம் 2025. மழை உப்பளங்களைக் கெடுத்து, இலங்கை இந்தியாவிலிருந்து உப்பு இறக்கிய வருஷம். உப்பு விளைகிற புத்தளத்தில் பிறந்து, ஒரு பைக்கற் உப்புக்குக் கடை கடையாய் ஏறி இறங்கிய அவருடைய அம்மா, அலுமாரிக்குள் அந்தப் பையைக் கண்டார்.

“என்னடா இது?”

“சோதினையம்மா.”

“உனக்கா, எனக்கா?”

பையைப் பிரித்து உப்பை எடுத்து அன்றைய மீன் கறியில் போட்டுவிட்டார். மானி சரியா பிழையா என்பது இன்றுவரை தீராத வழக்கு.

அடுத்தது வண்டு. புகையிலை வண்டின் முட்டை இலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். சூடு கூடினால் பொரித்து, சிகாரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். எங்கள் ஊர்ச் சூட்டில் அது பொரிக்காமல் என்ன செய்யும்? பரிகாரம், சிகாரைச் சில நாள் உறைபெட்டியில் வைப்பது. வீட்டு உறைபெட்டியில் ஏற்கெனவே கீரி மீனும் திருக்கையும் குடியிருந்தன. எடுத்துப் பற்றவைத்த அன்று குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்: “தொடக்கத்தில் கோக்கோ, நடுவில் தோல், முடிவில் கடல்.”

நான் ஒருமுறை வாய் வைத்தேன். கற்பிட்டியில் கோட்டை கட்டிய ஒல்லாந்தரின் நாட்டில் நன்றாகக் காயவைத்த இலையில் ஒருவகைச் சிகார் செய்கிறார்கள், பெட்டியும் வேண்டாம், மானியும் வேண்டாம், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரியலாம் என்றேன். இரக்கத்தோடு பார்த்தார். “அப்ப இந்தப் பெட்டியை என்ன செய்யிறது?”

இனிக் காற்று. வெள்ளைக்காரர் கற்பிட்டிக்கு வருவதே அதற்காகத்தான். ஆளையே தூக்குகிற காற்றில் சிகார் ஒழுங்காக எரியுமா? ஒரு பக்கம் குடைந்துகொண்டு ஓடும், மறுபக்கம் கன்னி கழியாமல் நிற்கும். ஒருநாள் டபிள்கெப்புக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பிடித்துப் பார்த்தார். இறங்கும்போது முகத்தில் இரத்தமில்லை. புகையை உள்ளே இழுக்காவிட்டால் ஒன்றும் செய்யாது என்பது அவர் வாதம். பெரிய சிகார் ஒன்றில் ஒரு பெட்டி சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கும். வாயிலும் தொண்டையிலும் புற்று வருவதற்கு அது நெஞ்சுவரை இறங்கவேண்டியதுமில்லை. இதையெல்லாம் சொன்னால் “நீங்கள் ரசனையில்லாத ஆள்” என்பார். அன்று அவரை நிமிர்த்தியது கடை நானா சீனியை அள்ளிப் போட்டுக் கொடுத்த பிளேன்டீ. கிளாசை நீட்டிக்கொண்டே நானா கேட்டார்: “தம்பிக்கு 21 ஆயிட்டா? 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அதுக்குக் குறைஞ்ச ஆளுக்கு இதெல்லாம் விற்க ஏலாது.”

கற்பிட்டிக் கடலில் கடற்படை பீடி இலை மூட்டைகளைப் பிடித்தது என்று செய்தி வரும்போதெல்லாம் நம்மவர் பெருமூச்சு விடுவார். இந்தியாவிலிருந்து பீடி இலை வருகிறது, மஞ்சள் வருகிறது. ஒரு பெட்டி நிக்கராகுவா தவறிப்போயாவது மிதந்து வரக்கூடாதா?

உடப்பில் இவருக்குப் பெரியப்பா முறையான சம்மாட்டியார் ஒருவர் இருக்கிறார். கரைவலைக்காரர், அம்பா பாடியே குரல் கரகரத்துப் போனவர். யாழ்ப்பாணச் சுருட்டைத் தவிர வேறெதையும் வாயில் வைக்கமாட்டார். காற்றுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, இரண்டு உள்ளங்கையையும் குவித்து, அந்தப் பொந்துக்குள் குச்சியைக் கிழிப்பார். சுருட்டை விரலால் மெல்ல உருட்டிக்கொண்டே, முனை வட்டமாகச் சிவக்கும்வரை பிடித்திருப்பார். ஒரே குச்சி. இதே வித்தையைத்தான் நம்மவர் ஒரு ஸ்பானியக்காரரின் வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்த்துப் படித்துக்கொண்டிருக்கிறார்.

பெரியப்பாவின் சுருட்டை அவர் மதிக்காததற்கு உண்மையான காரணம், அதில் றிங் இல்லை. பொன்னிறக் கடதாசி வளையம் போடாத புகையிலை அவர் கணக்கில் மரக்கறி. சுருட்டுக்குச் சரித்திரமா இல்லை? 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லொக் ஹோம்ஸ் கதையில் துப்புக் கொடுப்பதே திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல்தான். கியூபாவில் 1865 முதல், சிகார் சுற்றுகிறவர்களுக்கு நடுவே ஒருவர் இருந்து பத்திரிகையும் நாவலும் உரக்க வாசிக்கும் வழக்கம் உண்டு. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் அப்படித்தான்; ஒருவர் பத்திரிகையை வாசிக்க, மற்றவர்கள் கை நிற்காமல் சுற்றிக்கொண்டே உலக அரசியலைக் கரைத்துக் குடித்தார்கள். இதைச் சொன்னபோது நம்மவர் முகம் மலர்ந்தது, கியூபா வரைக்கும்.

மீன்பாடு சரியில்லாத ஒரு மாலை பெரியப்பா பண்ணைப் பக்கம் வந்தார். மரியாதைக்கு ஒன்றை நீட்டவேண்டியதாயிற்று. ஐந்து அங்குல நீளம், 50 றிங். ஓர் அங்குலத்தை 64 ஆகப் பிரித்தால் அதில் 50 பங்கு தடிப்பு. நம்மவர் இந்தக் கணக்கை விளக்கிக்கொண்டு கத்தரியைத் தேட, பெரியப்பா நுனியைக் கடித்துத் துப்பிவிட்டார். நம்மவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது பெரியப்பாவின் மூக்கிலிருந்து இரண்டு தாரையாகப் புகை இறங்கிக்கொண்டிருந்தது. நம்மவர் பழகிப் பழகித் தும்மலோடு முடிகிற வித்தை அது.

“தம்பி, மாட்டுப்பட்டி வாசம் அடிக்குது.”

நம்மவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. பிறகு குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினார். வெளிநாட்டு நிபுணர்களும் இதே வாசத்தைத்தான், மாட்டுப்பட்டி என்றே சொல்லி, ஒரு நல்ல இலட்சணமாக எழுதியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு பெரியப்பா நிறுத்தவேயில்லை. இந்த இலை இன்னும் கொஞ்சக் காலம் கட்டிலே கிடந்திருக்கவேண்டும். புகை போடாமல் எடுத்த இலையும் ஒரு இலையா, பொச்சுமட்டைப் புகையில் கிடந்து வரவேண்டும். செம்மண் இலை வேறு, மணல் இலை வேறு. வாயில் வைத்ததும் தெரியாதவன் அவல் சாப்பிடட்டும். யுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் வந்தது சுருட்டே அல்ல. 2020ஓடு நாட்டில் புகையிலைச் செய்கையே இருக்காது என்று அரசாங்கம் ஒருமுறை அறிவித்ததே, அன்றிலிருந்து சுற்றுகிறவனுக்குக் கையில் மனமில்லை. இப்போது ஒரு கட்டில் நாலு நல்லது இருந்தால் புண்ணியம். நம்மவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தன்னைவிடப் பொல்லாத ரசிகர் ஒருவர் றிங்கும் மானியும் இல்லாமல் இத்தனை காலமும் பக்கத்து ஊரிலேயே வலை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நானும் அங்கேதான் இருந்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். ஒருவரும் எங்கள் மூவருக்கும் வேலை சொல்லவில்லை.

பாதியிலேயே பெரியப்பா தணலைத் தட்டிவிட்டு, குறையைக் காதில் செருகப் பார்த்தார். 50 றிங் காதில் நிற்கவில்லை. கண் பெட்டிக்குப் போயிற்று.

“இதுக்குள்ள வச்சா ஈரம் பிடிக்காதா?”

“பிடிக்காது பெரியப்பா. ஆனா குறையை உள்ள வச்சா, மற்றதுக்கெல்லாம் அந்த வாசம்...”

பெரியப்பா மூடியைத் திறந்து, நிக்கராகுவாவையும் டொமினிக்கனையும் ஓரமாக ஒதுக்கிக் குறையை நடுவில் வைத்தார். மடியிலிருந்த யாழ்ப்பாணச் சுருட்டுக் கட்டையும் அவிழ்த்துப் பக்கத்தில் அடுக்கினார்.

“விடிய வலைக்குப் போக முன்ன வந்து எடுக்கிறன். பூட்டிப் போடாத.”