கொலுத் தரையில் அளவுப் பிறழ்ச்சி: காஞ்சி மாநகரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

மகாளய அமாவாசைக்கு மறுநாள், காஞ்சிபுரத்தில் கொலு வைக்கும் வீடுகளில் புதிதாக ஓர் ஊர் தோன்றுகிறது. படிகளின் மேல் அன்று. படிகளுக்குக் கீழே, தரையில். வீட்டார் இதைப் ‘பார்க்’ என்பர். முகம் பார்க்கும் கண்ணாடி அங்கே குளம். உப்புத்தாள் தார்ச்சாலை. கோணிப்பையைக் கசக்கி நிறுத்தினால் மலை. பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள் வயல். இவ்வூரில் கல்யாண ஊர்வலம், கிரிக்கெட் ஆட்டம், சூரசம்காரம், மருத்துவமனை ஆகிய நான்கும் ஒரே நேரத்தில், ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் நடக்கின்றன.

படிமேல் வீற்றிருக்கும் தெய்வங்களைப் பற்றி ஆன்றோர் நிறையவே எழுதியுள்ளனர். தரைவாழ் மக்களைப் பற்றி எழுத முன்வந்தோர் அரியர். அவர்களிடம் ஆராய என்ன உளது எனின், உளது. இவ்வூரில் பசுமாடு பேருந்தைவிடப் பெரிது. மாப்பிள்ளை தான் ஏற வேண்டிய காரைவிட உயரம். காவல் நிலையத்துக்குள் நுழைய வேண்டுமாயின் காவலர் மண்டியிட்டே ஆக வேண்டும். இது அறியாமையால் நேர்ந்த பிழை என்று விருந்தினர் சிலர் சுண்டலை மென்றபடி முடிவுகட்டிவிடுகின்றனர். பிழையன்று, நெறியே என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. மேலை நாட்டார் கொள்கை

பொம்மை வீடு என்னும் கலையில் மேலை நாட்டார் பெரிதும் போற்றும் விதி ஒன்று: ஓர் அடிக்கு ஓர் அங்குலம். அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. நாற்காலி, கரண்டி, கதவுத் தாழ்ப்பாள், எல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும்.

இவ்விதியின் உச்சம் இங்கிலாந்தில் வின்ட்சர் கோட்டையில் உள்ளது. அரசி மேரிக்காகச் செய்யப்பட்டு 1924இல் முடிந்த பொம்மை மாளிகை அது. அதில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மின்விளக்கு எரியும், லிஃப்ட் ஏறி இறங்கும். நூலகத்துக்கு ஆர்தர் கோனன் டாய்ல் ஒரு குட்டி ஷெர்லக் ஹோம்ஸ் கதையே எழுதிக் கொடுத்தார். வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். அதே ஆண்டுகளில் அவர் புது தில்லியையும் கட்டிக்கொண்டிருந்தார். ஒரே மேசைமேல் வைஸ்ராய் மாளிகையும் பொம்மை மாளிகையும் கிடந்தன. வரைபடம் மாறிப்போகாதது இந்தியாவின் நல்லூழ்.

இதற்கும் முந்தையது ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த பெட்ரோனெல்லா ஓர்ட்மன் 1686 அளவில் தொடங்கிய பொம்மை வீடு. கால்வாய்க்கரையில் ஒரு நிஜ வீடு வாங்கும் பணம் அதற்குச் செலவானதாகச் சொல்வர். இன்று அது ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்னும் அம்மையார் 1940களில் இக்கலையைக் கொலை வழக்குக்கே கொண்டுபோனார். பிணம் கிடக்கும் அறைகளைப் பொம்மை அளவில் செய்துவைத்து, தடயம் பார்க்கக் காவல்துறையினருக்குக் கற்பித்தார்.

இம்மூன்றுக்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு: எதையும் தொடக் கூடாது.

3. தமிழர் கொள்கை

தமிழ் மரபில் இதற்கு நேர்மாறான நிலையே காணப்படுகிறது. இங்கே பொம்மை வீடு இலக்கியத்துக்குள் நுழைந்ததே இடிபடுவதற்காகத்தான். பெண் பிள்ளைகள் மணலில் சிற்றில் கட்டுவர்; ஆண் பிள்ளை வந்து காலால் எற்றிவிடுவான். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழி முழுவதும், கட்டிய சிற்றிலைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் ஆண்டாள் வைக்கும் முறையீடு. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றில் பருவமும் ஒன்று. மேலை நாட்டில் பொம்மை வீட்டின் பகை தூசு. தமிழ்நாட்டில் பக்கத்து வீட்டுப் பையன்.

காஞ்சிபுரத்தில் இம்மரபு தலபுராணம் வரை செல்கிறது. ஏகாம்பரநாதர் கோயிலின் வரலாறு, மாமரத்தடியில் அம்மை மணலால் லிங்கம் பிடித்து வைத்துப் பூசித்ததில் தொடங்குகிறது. அதைச் சிதைக்க வந்தது பையன் அல்லன், ஆற்று வெள்ளம். அம்மை கட்டித் தழுவிக் காத்தார். மணலில் பிடித்து வைத்ததை அளவுகோலால் அன்று, அணைப்பால் மதிப்பிட வேண்டும் என்னும் கொள்கைக்கு இவ்வூரில் இதைவிடப் பழைய சான்று தேவையில்லை.

4. காஞ்சிபுரம் அளவுகோலுக்கு அடங்காத ஊர் என்பது

ஏனைய ஊர்களிலும் பார்க் உண்டே, காஞ்சியை மட்டும் தேர்ந்தது ஏன் எனின், பெரிதும் சிறிதும் இடம் மாறிக்கொள்வது இவ்வூரின் இயல்பு ஆதலின்.

முதற்சான்று, உலகளந்த பெருமாள் கோயில். வாமனனாய் வந்தவர் அங்கே ஏறத்தாழ 35 அடி உயரத்தில் நிற்கிறார். சில தெரு தள்ளி ஒரு வீட்டுக் கொலுவில், தசாவதார செட்டின் ஐந்தாம் பொம்மையாகச் சாண் உயரத்தில் குடை பிடித்து நிற்பவரும் அவரே. செட்டில் மச்சமும் வராகமும் வாமனனும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே பெட்டியில் அடுக்க வசதியாக.

இரண்டாம் சான்று, கயிலாசநாதர் கோயில். பல்லவன் இராசசிம்மன் கட்டியது. திருச்சுற்று மதிலை ஒட்டிச் சின்னஞ்சிறு சந்நிதிகள் 58. விமானத்தை அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் மூலைக்கு ஒரு கூடம், நடுவே ஒரு சாலை, இடையிடையே பஞ்சரம். யாவும் முழுக் கட்டடங்களின் குறுவடிவங்கள். அவற்றின்மேல் கூடு என்னும் வளைவுகள். சிலவற்றுக்குள்ளிருந்து சிறு முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. கல்லில் படி கட்டி, படிதோறும் குட்டி வீடுகளை வரிசையாய் வைத்திருக்கிறான் மன்னன். இதைக் கொலு என்னாது வேறு என்னென்பது? வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றிலோ பல்லவர் வரலாறே முடிசூட்டு, போர், தூது எனக் கட்டம் கட்டமாக நிற்கிறது. கொலுக் கடைக்காரர் மொழியில் சொன்னால், ‘ஃபுல் செட்’.

மூன்றாம் சான்று, வரதராசர் கோயில் குடலை இட்லி. மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து மாவூற்றி வேகவைக்கும் அந்த ஒற்றை இட்லி ஒரு கிலோவைத் தாண்டும். விளையாட்டுச் செப்புச் சாமானில் வரும் இட்லிக் கொப்பரையோ கட்டைவிரல் அளவு. இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவே வாழும் மக்களிடம் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று பேசுவது வீண்.

5. மூலப்பொருள்கள்

தரைவாழ் மக்களுள் பெரும்பாலோர் இவ்வூர்ப் பொம்மைக்காரத் தெருவில் பிறந்தவர்கள். பழைய காகிதத்தை ஊறவைத்து அரைத்து, மாவும் சாக்குப் பொடியும் கூட்டிப் பிசைந்து, முன்பாதி பின்பாதி என இரண்டு அச்சில் அழுத்தி எடுத்து ஒட்டுகிறார்கள். வெயிலில் காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை அடித்து, வண்ணம் பூசுவர். கண் கடைசியில்தான். கண் எழுதாத பொம்மைகள் நூறு ஒரு திண்ணையில் வரிசையாய் நிற்கும்போது, தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் வகுப்பறை போலிருக்கும். களிமண் பொம்மைகளும் உண்டு. கனம் கூடுதல், கீழே விழுந்தால் ஆயுள் குறைவு.

வீட்டுச் சாமான்களுக்கு அம்பாசமுத்திரத்து மரக்கடைசல் செப்பு, மாக்கல் செப்பு, பித்தளைச் செப்பு எனப் பல பிரிவுகள். அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை எல்லாம் இதில் இன்னும் பழுதில்லாமல் இருக்கின்றன. நிஜ வீட்டில் மிக்ஸி வந்து பல காலம் ஆகியும் செப்பு வீட்டில் அம்மிதான் ஆட்சி செய்கிறது.

உடை விஷயத்தில் காஞ்சிக்கு ஈடில்லை. பிற ஊர்ப் பொம்மைகள் வண்ணத்தில் சேலை உடுத்தும்; இவ்வூர்ப் பொம்மை அசல் பட்டே உடுத்தும். பழம்புடவைக் கரையிலிருந்து வெட்டிய விரலகல ஜரிகைத் துண்டு போதும், மீனாட்சி கல்யாணமே நடத்திவிடலாம். இதில் ஒரு தொல்லை உண்டு. நிஜப் புடவையில் நூற்றுக்கணக்கில் ஓடும் மயில்களுள் ஒன்றே மணப்பெண்ணின் தோள் முதல் பாதம் வரை அடைத்துக்கொண்டு நிற்கும். இதை எவரும் குறையாகக் கருதுவதில்லை. “அசல் ஜரிகையாச்சே!” என்பதே தீர்ப்பு.

6. தறிச் சிக்கல்: ஒரு தனி ஆய்வு

நெசவாளர் வீட்டுப் பார்க்கில் தறி வைப்பது பெரும் சோதனை. ஐஸ் குச்சியில் சட்டம், பாவு முடிந்து மிஞ்சிய பட்டு நூலில் பாவு, தீக்குச்சியைச் சீவினால் நாடா. இதுவரை எளிது. நிஜத்தில் கண்ணுக்குத் தெரியாத பட்டு இழை இந்தத் தறியில் தாம்புக்கயிறாய்த் தெரியும் என்பதையும் பொறுத்துக்கொள்ளலாம். சிக்கல், நெசவாளர் கால் இறக்கி மிதியை மிதிக்கும் குழியில் இருக்கிறது. காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்பது பழமொழி. காலாட்டக் குழி வேண்டும். சிமெண்டுத் தரையில் குழி ஏது?

அது மட்டுமன்று. உட்கார்ந்த பொம்மை பெரும்பாலும் சம்மணமிட்டே அச்சிலிருந்து வருகிறது. சம்மணமிட்டவர் காலாட்ட முடியாது. காலாட்டாதவர் காஞ்சியில் பிழைக்க முடியாது. இதைக் கவனியாமல் ஒரு வீட்டில் தறியைத் தரைமேலேயே வைத்துவிட்டார்கள். வெற்றிலை பாக்கு வாங்க வந்த பெரியம்மா ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏண்டி, மிதி எங்கடி? உங்க ஆளு கையாலயே நெஞ்சிடுவாரா? கோர்வைப் புடவைங்கற, கரை நாடா தள்ள ஆளையும் காணோம்!”

மறுநாள் பார்க் முழுவதும் இரண்டு அங்குலம் உயர்ந்தது. தெர்மாகோல் பலகையை அடியில் பரப்பி, தறிக்குக் கீழே மட்டும் வெட்டிக் குழி எடுத்தார்கள். சம்மணத்தின்மேல் வேட்டித் துணியைத் தொங்கவிட்டு, அதனடியிலிருந்து ஈர்க்குச்சி இரண்டைக் கால்களாய் இறக்கினார்கள். கரை நாடா தள்ள, கிரிக்கெட் அணியிலிருந்து ஒரு பையன் வரவழைக்கப்பட்டான். தறிக்காக ஓர் ஊரையே தூக்கி நிறுத்திய செயல் இது. லட்யன்ஸுக்கு இப்படி ஒரு பெரியம்மா வாய்க்கவில்லை.

7. கண்டறிந்த விதிகள்

முதல் விதி, மரியாதை விகிதம்: பொம்மையின் அளவு அதற்குரிய மதிப்பைப் பொறுத்தது. பசு கோமாதா, பேருந்து வெறும் வண்டி. ஆகவே பசு பெரிது. நூற்பா இதனோடு முடிந்தது.

இரண்டாம் விதி, தானிய விகிதம்: செட்டியார் கடையில் மட்டும் சரக்கு நிஜம். அரை அடி உயரத்தில் அமர்ந்திருக்கும் செட்டியாரை ஆறில் ஒரு பங்கு மனிதராகக் கொண்டால், அவர் உலகில் ஒரு துவரம் பருப்பு நெல்லிக்காய் அளவு. கொண்டைக்கடலை எலுமிச்சை அளவு. அப்படியிருந்தும் எந்தக் கொலுவிலும் அவர் வியந்து நோக்கியதாகத் தெரியவில்லை. வியாபாரத்தில் முகம் காட்டக் கூடாது என்பதை அவர் அறிவார்.

மூன்றாம் விதி, தாவர விகிதம்: அளவு இடத்தால் மட்டுமன்றிக் காலத்தாலும் மாறும். மைதானத்துக்கு விதைத்த கடுகு முதல் நாள் புல். ஐந்தாம் நாள் இரண்டு அங்குல ஆட்டக்காரர்களின் இடுப்பைத் தொடும். சரஸ்வதி பூசைக்குள் ஃபீல்டர்கள் காட்டுக்குள் மறைவர். பந்து அதற்கு முன்பே தொலைந்திருக்கும்.

நான்காம் விதி, உயிரின விகிதம்: சுவரிலிருந்து இறங்கி வரும் நாலங்குலப் பல்லி, ஆட்டக்காரர்களின் கணக்கில் பன்னிரண்டடி முதலை. ஆனால் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்கும் ஊரில் பல்லியை விரட்டுவது எங்ஙனம்? அது ஊர்வலத்தைக் கடந்து, குளத்துக் கண்ணாடியில் முகம் பார்த்து, மெல்ல வெளியேறும் வரை எல்லாரும் காத்திருப்பர்.

8. மறுப்பும் விடையும்

அற்றேல், எல்லாம் ஒரே அளவில் அமைந்த செட்டாக வாங்கிவிடலாமே எனின், ஆகாது. கொலுவில் ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாய்ச் சேர வேண்டும் என்பது வழக்கம். பாட்டி சீதனமாய்க் கொண்டுவந்த மரப்பாச்சி, அம்மா வாங்கிய செட்டியார், 2019இல் அத்திவரதர் 48 நாள் காட்சி தந்த ஆண்டில் வாங்கிய சயனக்கோல வரதர், பேரன் அழுது வாங்கிய பிளாஸ்டிக் ஹெலிகாப்டர் ஆகியோர் ஒரே தரையில் கூடும்போது அளவு ஒத்துவராது. ஒரு குடும்பத்தின் பல தலைமுறைகள் ஒரு கூடத்தில் கூடினாலும் ஒத்துவருவதில்லை. அதற்காக யாரையும் வெளியே அனுப்புவதுமில்லை.

9. பரிந்துரைகள்

அளவுகோலைப் பார்க்கின் அருகே கொண்டுவர வேண்டாம். கடுகுக்கு நாலாம் நாள் கத்தரிக்கோல் போடுக. மூக்கு உடைந்த பொம்மையை எறிய வேண்டாம். காகிதக் கூழ் வைத்து, காயவிட்டு, வண்ணம் தொட்டால் அடுத்த ஆண்டும் அது ஊர்வலத்தில் நடக்கும். விஜயதசமிக்கு மறுநாள் செப்புச் சாமானை எண்ணிக் கட்டுக. குறைவது எப்போதும் கரண்டிதான். புதுப்பொம்மை வேண்டுவோர் நவராத்திரிக்கு முந்தின வாரம் வரை காத்திராமல் ஆடி, ஆவணியிலேயே பொம்மைக்காரத் தெருவுக்குப் போய்விடுங்கள். விலை பேச நேரம் இருக்கும். கண் எழுதுவதையும் பார்க்கலாம்.