பெல்ட் பேசிய காலம்: வத்திராயிருப்புக் கிணற்றடி குறித்து ஓர் ஆய்வு

வத்திராயிருப்பு வட்டாரத்துப் பாசன வரலாற்றைச் சொல்ல வருகிறவர்கள் பிளவக்கல்லில் தொடங்கி, பெரியாறு, கோவிலாறு என்ற இரண்டு அணைகளையும் அவை நிரப்பும் கண்மாய்களையும் எண்ணிவிட்டு, கிணற்றுக்கு வருவதற்குள் களைத்துப்போகிறார்கள். களைக்காமல் வந்து சேர்ந்தவர்களும் கமலைக் காலம், ஆயில் எஞ்சின் காலம், கரண்ட் மோட்டார் காலம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டியதோடு சரி. இரண்டாம் காலம் மூன்றாம் காலமாக மாறியபோது கழற்றி மூலையில் போடப்பட்ட ஒரு பொருளை யாரும் பொருட்படுத்தவில்லை. எஞ்சின் வீலுக்கும் பம்பின் புல்லிக்கும் இடையே ஓடிய தட்டைப் பெல்ட்தான் அது. அது விசையைக் கடத்தியது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். செய்தியையும் அதுதான் கடத்தியது என்பதே இங்கே நிறுவப்படும் கொள்கை.

சான்றுகளைப் பார்ப்போம். இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி வடிவமைத்து, ராஜ்கோட் பட்டறைகள் அச்சு அசலாக வார்த்தெடுத்த எஞ்சின் நிமிடத்துக்கு 650 சுற்றுச் சுற்றும். பம்புக்கோ ஏறத்தாழ 1,450 வேண்டும். அதனால் எஞ்சினில் பெரிய சக்கரம், பம்பில் சின்னப் புல்லி, நடுவில் பெல்ட். பம்பு இறைத்த தண்ணீரில் ஒரு சிறு பங்கு ரப்பர் குழாய் வழியே எஞ்சினின் உடம்புக்குள் போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு வெந்நீராக வெளியே விழும். எஞ்சின் பம்பைச் சுற்ற வேண்டும், பம்பு எஞ்சினைக் குளிர்விக்க வேண்டும். ஒருவர் கடனுக்கு மற்றவர் ஜாமீன். இந்த ஏற்பாட்டில் யாரும் யாருக்கும் தெரியாமல் சாக முடியாது. புட்வால்வு ஒழுகிப் பம்பு தண்ணீரை விட்டுவிட்டால், சுமை போன எஞ்சினுக்குக் கவர்னர் டீசலைக் குறைக்கும், புகை மெலியும், வெடிச்சத்தம் சட்டென்று இளைக்கும். தென்னந்தோப்பின் கடைசி வரிசையில் மடை திருப்பிக்கொண்டிருப்பவர் மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு நடப்பார். பெல்ட் வழுக்கினால் கிறீச்சிடும், பிறகு கருகல் வாடை வரும். முதல் நோய்க்குக் குடத்துத் தண்ணீரும், ஒழுகல் பிடிவாதமானால் கரைத்த சாணியும் மருந்து. இரண்டாவதற்குப் பெல்ட்டின் உட்பக்கம் கொஞ்சம் பிசின். நோயைக் காது கண்டுபிடித்தது, கை தீர்த்தது. ரீவைண்டிங் கடைக்காரர் இந்தக் கதைக்குள் வரவேயில்லை.

மோட்டாரின் இயல்பு வேறு. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். நான்கு துருவ மோட்டார் 1,440 சுற்றை ஒட்டி ஓடும். தண்ணீர் வந்தாலும் அதே ஓட்டம், வராவிட்டாலும் ஏறத்தாழ அதே ஓட்டம். செய்தி இல்லாமல் இல்லை. தண்ணீர் விட்டதும் ஆம்பியர் முள் கீழே இறங்கும். ஆனால் அது பூட்டிய மோட்டார் ரூமுக்குள், சுவரைப் பார்த்துச் சொல்லப்படும் செய்தி. பூட்டைத் திறக்கும்போது கருகல் வாடைதான் வரவேற்கும். படகுக்காரர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீர் இழுக்கும் பெல்ட் பம்பைக் கழற்றி மின்பம்பு வைத்தால், பம்பு நின்றது தெரியாமல் எஞ்சின் மட்டும் ஓடிக் கருகும் வாய்ப்புப் புதிதாகப் பிறக்கிறது. பெல்ட் அறுந்தாலும் எஞ்சின் சூடேறத்தான் செய்யும். ஆனால் அறுந்து தொங்கும் பெல்ட்டைக் கண்ணால் பார்க்கலாம்.

மறுப்புகள் உண்டு. பெல்ட் நூற்றுக்குச் சில பங்கு விசையை வழுக்கலில் தின்றுவிடும் என்பது உண்மை. தூது போகிறவர்களுக்குக் கூலி உண்டு என்று சொல்லி நகரலாம். ஓடும் பெல்ட்டில் வேட்டி நுனி சிக்கினால் என்னாகும் என்ற கேள்விக்குக் கேலியாகப் பதில் சொல்லக்கூடாது. அந்த ஒரு காரணத்துக்காகவே பெல்ட் போனது நல்லது. ஆழம் பற்றிய மறுப்பும் கனமானது. உறிஞ்சும் பம்பு காற்றழுத்தத்தை நம்பி வாழ்வது. ஏட்டுக்கணக்கில் 10 மீட்டர் என்றாலும் நடைமுறையில் ஆறேழு மீட்டருக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் அது கையை விரித்துவிடும். அதனால்தான் கோடையில் கிணற்றுக்குள் திட்டுக் கட்டிப் பம்பை இறக்கினார்கள். நீர்மூழ்கி மோட்டாருக்கு அந்தத் தொல்லை இல்லை. அது தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து மேலே தள்ளுகிறது. இங்கே நம் கொள்கை மரியாதையாக எழுந்து நின்று வழிவிடுகிறது.

‘டீசலுக்குக் காசு, கரண்டுக்குக் காசில்லை, இதற்கு மேல் ஆய்வு எதற்கு?’ என்ற மறுப்பை மட்டும் அப்படி விட்டுவிட முடியாது. 1990-இல் தமிழ்நாட்டு விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் வந்தது. விவசாயிக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அதோடு கடைசித் தூதுவனும் போய்விட்டான். டீசல் தீர்ந்தால் எஞ்சின் நின்றுவிடும். எஞ்சின் ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் சத்தமாகக் காசு எரிந்ததால், வரப்பு நனைந்ததும் அணைக்கச் சொல்லிக் கால்கள் தாமாகவே கிளம்பின. கரண்டுக்குத் தீர்வதும் இல்லை, சத்தமும் இல்லை. ராத்திரி மும்முனைக் கரண்ட் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் தானே போட்டுக்கொள்கிறது. உடையவர் வீட்டில் தூங்குகிறார். தண்ணீர் வாய்க்கால் நிறைந்து பாதையில் ஓடுகிறது. கிணறு வற்றுவதும் ஆழம் கூடுவதும் பெரிய மோட்டார் வாங்குவதும் அதன் பின்னால் வரிசையாக வருகின்றன. ஆழத்தைக் காட்டிப் பெல்ட்டைத் தோற்கடித்தவர்கள், அந்த ஆழத்தைத் தோண்டியதில் மோட்டாருக்கும் பங்கு உண்டு என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

தீர்ப்பு மோட்டாருக்குத்தான். எஞ்சினைத் திரும்பக் கொண்டுவரச் சொல்ல டீசல் விலை அறிந்த எவருக்கும் மனம் வராது. ஆனால் பெல்ட் பார்த்த வேலை காலியாகவே கிடக்கிறது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் ஆம்பியர் குறைவதைக் கண்டு மோட்டாரைத் தானே நிறுத்தும் ‘டிரை ரன்’ தடுப்பு ஸ்டார்ட்டர் பெட்டிகளிலேயே கிடைக்கிறது. புதிதாக மோட்டார் இறக்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே இருப்பவர்கள் அது வேலை செய்கிறதா என்று இந்தக் கோடைக்கு முன்பே ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.