இல்லை என்று சொல்லும் கடை

பருவத்தில் விளைந்ததை, அக்கம்பக்கத்தில் விளைந்ததை, பத்துக் குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து விளைவித்தவரிடமே வாங்கிச் சாப்பிடுவது நல்லது என்பதில் இன்று யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. கருத்து வேறுபாடு இல்லாத காரியங்களுக்கு வழக்கமாக நேரும் கதி இதற்கும் நேர்ந்திருக்கிறது. எல்லோரும் ஆதரிக்கிறார்கள்; யாரும் செய்வதில்லை. சத்து, மண்வளம், விவசாயிக்கு நியாயமான காசு என்று ஆதரவாளர்கள் அடுக்கும் காரணங்கள் அத்தனையும் உண்மைதான். ஆனால் மூன்றாம் நாளும் சுரைக்காய்க் கூட்டு தட்டில் விழும்போது அவற்றில் ஒன்றுகூடத் துணைக்கு வருவதில்லை. என் கட்சி வேறு. ஒரு காயின் ருசியில் பாதி அது கிடைக்காமல் இருந்த மாதங்களில் சேர்கிறது. ஆகவே அதைக் கிடைக்காமல் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும். அந்தப் பொறுப்பைத் தனி மனிதரின் மன உறுதியிடம் விட்டால் என்ன ஆகும் என்பதை ஜனவரி மாதம் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தவர்கள் அறிவார்கள். உணவுக் கூட்டுறவின் முதல் சேவை காய் கொடுப்பதில் இல்லை. கொடுக்க மறுப்பதில் இருக்கிறது.

இதற்குச் சாட்சி தேடித் தேங்காய்த்திட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. அரியாங்குப்பம் ஆற்றை ஒட்டிய இந்த ஊரில்தான் புதுச்சேரியின் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். மீன் இனம் பெருகும் காலம் என்று அரசு போட்ட தடை. அந்த நாட்களில் கட்டுமரமும் சிறு படகும் கொண்டுவருவதுதான் உள்ளூர் மீன். காகிதத்தில் இதற்கு மீன்வளப் பாதுகாப்பு என்று பெயர். அடுப்படிக் கணக்கில், இந்த ஊரில் ஓர் உணவுப் பொருளுக்காவது அரசாணையோடு கூடிய பருவம் இருக்கிறது என்று பொருள். விளைவைப் பாருங்கள். தடை முடிந்து படகுகள் திரும்பும் முதல் நாட்களில் துறைமுகத்தில் கூடுகிற கூட்டம் எந்தக் கத்திரிக்காய்க்கும் கூடியதில்லை. விலை ஒன்றும் இறங்கியிருக்காது. வஞ்சிரம் அதே வஞ்சிரம்தான். இடையில் இரண்டு மாதம் நாக்கு காய்ந்திருக்கிறது, அவ்வளவே. இந்தக் காய்ச்சலுக்கும் ஒரு கள்ள வழி உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அங்கிருக்கும் மாஹேயும் புதுச்சேரி அரசுக்குள்தான் அடக்கம். ஒரே முதலமைச்சர், ஒரே மீன்வளத் துறை, இரண்டு பருவம். ஒரு கரை மூடியிருக்கும்போது மறு கரையிலிருந்து ஐஸ் பெட்டி வந்துவிடும். இரு கரையும் சேர்ந்து மூடியிருப்பது ஜூனின் முதல் 14 நாள் மட்டும். மீன் பிரியரின் மனசாட்சிக்கு உண்மையான சோதனை அந்த இரண்டு வாரந்தான்.

உயிரோடு இருப்பவர்களுக்கு மீன்வளத் துறை என்றால், போய்ச் சேர்ந்தவர்களுக்குச் சாத்திரம். வைதிக வீடுகளின் திவசச் சமையலைவிடக் கறாரான உள்ளூர் உணவுக் கொள்கையைக் காட்டுவது கஷ்டம். கேரட், கோஸ், பீன்ஸ் கிடையாது. உருளையும் தக்காளியும் வாசற்படி தாண்டக் கூடாது. மிளகாய்கூட வெளியே நிற்க, மிளகு உள்ளே வந்து காரத்தைக் கவனித்துக்கொள்ளும். வாழைக்காய், புடலங்காய், பாகற்காய், அவரைக்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல் என்று பட்டியல் போகும். சுரைக்காய் உள்ளூர்தான் என்றாலும் அதற்கும் அனுமதி இல்லை. பித்ருக்கள் தங்கள் காலத்திலேயே வேண்டிய மட்டும் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் சீமைக் காய்களில் புரளும் குடும்பம் அந்த ஒரு நாள் சாப்பாட்டை எழுந்த பிறகும் பேசுகிறது. திவசச் சமையல் ருசி என்பது யாரும் உரக்கச் சொல்லாத, எல்லோருக்கும் தெரிந்த உண்மை. புரட்டாசி விரதமும் இதே சூத்திரம்தான். அதன் மகிமையை ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் காணலாம். மூன்றிலும் ஒன்று பொது. விதி போட்டவர் வேறு, சாப்பிடுகிறவர் வேறு. அரசு, முன்னோர், பெருமாள் என்று யாரோ ஒருவர் கதவைச் சாத்தியதால்தான் திறக்கும்போது கூட்டம் கூடுகிறது.

காய்கறிக்கு மட்டும் அப்படிக் கதவைச் சாத்த ஆளில்லை. தையில் மொச்சையும் பனங்கிழங்கும், சித்திரையில் நுங்கும் வெள்ளரியும், அதை ஒட்டிப் பண்ருட்டிப் பலா என்று எங்கள் பக்கத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. செடியிலிருந்து பறித்த மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, ஈரத்தோடு அவித்துத் தின்னும் நாட்கள் என்றே சில நாட்கள் இருந்தன. இன்று குபேர் பெரிய மார்க்கெட்டில் ஊட்டி கேரட்டுக்கும் நாசிக் வெங்காயத்துக்கும் கோலார் தக்காளிக்கும் மாதம் என்று ஒன்று கிடையாது. எப்போதும் கிடைப்பதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்க்காததை யாரும் ருசிப்பதில்லை. தப்பித் தவறிப் பருவம் தலைகாட்டினால் அதை ஒரு பேரிடராகவே நடத்துகிறோம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது தமிழ்நாடு அரசு பண்ணை பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்றது. ஏழை வீட்டுக்கு அது உதவி. குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரசம் வைக்க வழியில்லை என்று அன்று எழுந்த ஓலத்தைக் கேட்டால், தக்காளி கடல் கடந்து வருவதற்கு முன் இந்த நாட்டில் புளியும் மிளகும் சும்மா உட்கார்ந்திருந்ததாகத் தோன்றும்.

கூட்டுறவின் வம்சாவளியைப் பார்த்தால் இந்தத் தாராளம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது என்று தெரியும். 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் சேர்ந்து கடை திறந்தபோது இருந்த சரக்கு மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மெழுகுவத்தி. ஐந்தே சரக்கு, அதையும் கடனுக்குக் கிடையாது என்றார்கள். இன்று அப்படி ஒரு கடை திறந்தால் ‘இன்னும் சாமான் இறங்கவில்லையா’ என்று கேட்பார்கள். அந்தக் கஞ்சத்தனத்திலிருந்துதான் உலகமெங்கும் நுகர்வோர் கூட்டுறவு கிளைத்தது. 1904-ல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய சங்கமும் அந்த வம்சம். இப்போதைக்கு இந்த வம்சத்தில் எங்களுக்கு நெருங்கிய உறவு, புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டரில் ஆரோவில்லில் இருக்கிறது. பூர் தூ என்ற விநியோக மையத்தில் உறுப்பினர்கள் மாதாமாதம் ஒரு தொகையைப் போட்டுவிட்டு, வேண்டியதை எடுத்துக் கணக்கில் பதிந்துகொள்கிறார்கள். லாபம் வைத்து விற்பது அங்கே நோக்கம் இல்லை. ஆரோவில் பண்ணைகளில் விளைவதை ஃபுட்லிங்க் என்ற அமைப்பு திரட்டிச் சமையலறைகளுக்கும் கடைகளுக்கும் பிரித்து அனுப்புகிறது. இதில் சாலிட்யூட் பண்ணையின் கதை தனி. இங்கிலாந்தில் பிறந்த கிருஷ்ணா மெக்கன்சி அங்கே நின்றுகொண்டு, மணத்தக்காளியையும் சுண்டைக்காயையும் ஏன் விட்டீர்கள் என்று தமிழர்களைத் தமிழிலேயே கேட்கிறார். முட்டைக்கோஸை இங்கே அனுப்பிவைத்த கண்டம் பிராயச்சித்தமாக அவரை அனுப்பியிருக்கிறது போலும்.

இனி ஆட்சேபங்களுக்கு வரலாம். முதலாவது, ஆரோவில்லே தன் தேவையில் சிறு பங்கைத்தான் விளைவிக்கிறது; மீதி வெளியிலிருந்துதான் வருகிறது என்பது. உண்மை. எங்கள் கூட்டுறவுப் பெருமையான பாண்லேகூட உள்ளூர்ப் பால் போதாமல் வெளியே வாங்குகிறது. அதைவிட, புதுச்சேரியில் உள்ளூர் என்பதே தலைசுற்றும் விஷயம். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன நிலம் துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கிறது. பாகூருக்குப் போகும் பஸ்ஸிலேயே மாநிலம் மாறி மாறி வரும். கடலூர்க் கத்திரிக்காய் வெளியூர், பாகூர்க் கத்திரிக்காய் உள்ளூர் என்று வாதாட வருவாய்த் துறைக்கு மட்டுமே உரிமை உண்டு. பூர்விகம் பார்த்தாலும் பிழைக்க முடியாது. பண்ருட்டியின் பெருமையான முந்திரி பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. மல்லாட்டையும் தென்னமெரிக்கா. திவசத் தளிகையில் பல வீடுகளில் மரியாதையாக இடம் பிடிக்கும் சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்தின் பிள்ளைதான். சாத்திரத்தின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. எனவே நான் கேட்பது வம்சச் சான்றிதழ் இல்லை. இந்த மண்ணில், இந்த மழையில், இந்த மாதத்தில் வந்ததா என்ற கேள்வி மட்டுமே. முழு உணவும் அப்படி வர வேண்டும் என்பதும் இல்லை. மீன் தடை ஒரே ஒரு பொருளைத்தான் தொடுகிறது. அதற்கே இத்தனை ருசி என்றால், வாரம் நாலு காய்க்கு விதி போட்டால் போதும்.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. இதெல்லாம் காசுள்ளவர்களின் விரதம். இல்லாதவர்களுக்கு வருஷம் முழுக்கத் தடைக்காலந்தானே என்பார்கள். ஏழையின் தட்டை நோக்கிப் பற்றாக்குறையின் பெருமையைப் பேசுவது அயோக்கியத்தனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இயற்கை அங்காடிகளில் கீரைக்கட்டு பட்டுத்துணியில் சுற்றிய விலைக்கு விற்பதையும் மறைக்கவில்லை. ஆனால் பருவம் என்பது பற்றாக்குறையின் மறுபக்கம் மட்டும் இல்லையே, அது மிகுதியும்தான். எது கொட்டிக் கிடக்கிறதோ அதுவே அந்த வாரத்தின் மலிவான பொருள், கரையில் மத்தி, பந்தலில் புடலை. மிகுதியைத் தள்ளுபடியாக்க வேண்டியது வியாபாரியின் கவலை. சங்கம் அதை எல்லோர் வீட்டிலும் கட்டாயமாக்கிவிட்டால் விவசாயி ரோட்டில் கொட்ட வேண்டாம், வாங்குகிறவரும் அதிகம் கொடுக்க வேண்டாம். இதே மூச்சில், கூட்டுறவில் கொசுறு கிடைக்காதே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான துக்கம். மார்க்கெட் ஆயா கூறு கட்டிக் கொடுத்துவிட்டு மேலே போடும் கறிவேப்பிலைக்கு எந்தத் தணிக்கையாளரும் ரசீது கேட்டதில்லை. சங்கத்தின் துணைவிதிகளில் கொசுறுக்கென்று ஒரு பிரிவைச் சேர்ப்பதைத் தவிர இதற்கு என்னிடம் பதில் இல்லை.

மூன்றாவதை ஆண்கள் எழுப்புவதில்லை. அதிலிருந்தே அதன் நியாயம் விளங்கும். சங்கம் கூடையில் எதை வைத்தாலும் அதை ஆய்ந்து, உரித்து, நறுக்கப்போவது வீட்டுப் பெண்தான். கேரட்டைச் சீவினால் முடிந்தது. வாழைப்பூவில் மடலுக்குள் இருக்கும் ஒவ்வொரு பூவிலும் நரம்பு எடுக்க வேண்டும். மொச்சையை ஊறவைத்து ஒவ்வொன்றாகப் பிதுக்க வேண்டும். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தால் ஒரு தொடர் முடிந்து அடுத்த தொடர் வந்துவிடும். சீமைக் காய்கள் இந்த நாட்டைப் பிடித்தது ருசியால் என்பதைவிட, பெண்களுக்கு அரை மணி நேரத்தை மிச்சமாக்கியதால் என்றே நான் சந்தேகிக்கிறேன். பாரம்பரிய உணவைப் பற்றி மேடையில் உருகும் ஆண்கள் கையில் அரிவாள்மணை இருந்து யாரும் பார்த்ததில்லை. இதற்கு விடை நியூயார்க்கிலிருந்து வருகிறது. 1973-ல் அங்கே புரூக்ளினில் தொடங்கிய பார்க் ஸ்லோப் உணவுக் கூட்டுறவில் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள். அத்தனை பேரும் முறை வைத்துக் கடையில் வேலை செய்தாக வேண்டும். தங்கள் முறைக்கு வீட்டுப் பணிப்பெண்ணை அனுப்புகிறார்கள் சிலர் என்று அங்கே எழுந்த புகார் பத்திரிகை வரை போனது. இந்த விதியைக் கொஞ்சம் திருத்திக் கொண்டுவந்தால் போதும். கடையில் மூட்டை தூக்குவதற்குப் பதில், வாரம் இரண்டு மணி நேரம் ஆண் உறுப்பினர்கள் சங்கத் திண்ணையில் உட்கார்ந்து மொச்சை பிதுக்க வேண்டும், மனைவியையோ அம்மாவையோ பதிலாளாக அனுப்பக் கூடாது. அரசியல் பேச அனுமதி உண்டு; கை நிற்கக் கூடாது.

ஆக, தேங்காய்த்திட்டுக்கு நான் முன்மொழியும் சங்கத்தின் துணைவிதிகள் சிக்கலானவை இல்லை. வாசல் பலகையில் இருப்பதன் விலையை எழுதுவதற்கு முன் இல்லாததன் பெயரையும் அது திரும்பி வரும் தமிழ் மாதத்தையும் எழுத வேண்டும். இல்லாததைக் கேட்டு வற்புறுத்தும் உறுப்பினருக்கு அந்த வாரம் மிஞ்சிய காயில் இரண்டு கிலோ அபராதமாக வழங்கப்படும். திருப்பித் தர முடியாது. முணுமுணுப்பு அடிப்படை உரிமை. அது சந்தாவிலேயே அடக்கம். கட்டாயம் தனியாக வந்தால் தண்டனை, பத்துக் குடும்பத்துக்குச் சேர்ந்து வந்தால் பேச்சு. ஒரே வாரத்தில் ஒரே காயோடு மல்லுக்கட்டிய வீடுகள் ஒன்றுக்கொன்று செய்முறை கேட்காமல் இருக்க முடியாது. கேட்கும்போது வேறு நாலு சமாசாரமும் கூடவே வரும். கூட்டுறவுச் சங்கங்களின் பொதுக்குழு கோரம் இல்லாமல் ஒத்திவைக்கப்படுவது இந்தியா அறிந்த சம்பிரதாயம். இந்தச் சங்கத்துக்கு அந்தக் கவலை வராது. பொதுக்குழுவின் முதல் தீர்மானமாக ஆண்டு முழுவதும் வந்த புகார்களை உரக்கப் படிப்பார்கள் என்று அறிவித்துவிட்டால், உறுப்பினர் அல்லாதவர்களும் நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொள்வார்கள்.