கண்ணுக்குப் பிடித்த ஏழரை

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம்,
கச்சிபௌலி, ஹைதராபாத்.

பொருள்: ஏலப்பாறைக் கண்களின் பவரை ஏழரைக்கு உயர்த்த வழி கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஆணையத்தின் 27.09.2019 நாளிட்ட வழிகாட்டுதல், விலக்கு எண் 15.

பெருமதிப்புக்குரிய ஐயா,

எதற்கெல்லாம் பணம் கிடையாது என்பதை ஒவ்வொரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், எல்லாருக்கும் ஒரே வாசகத்தை வகுத்துக் கொடுத்தவர்கள் நீங்கள். இனிமேல் எந்தக் கம்பெனியின் கதவைத் தட்டினாலும் ஒரே வார்த்தையில்தான் 'இல்லை' என்பார்கள் என்ற தெளிவு நாட்டுக்குக் கிடைத்தது. அந்த 'இல்லை' வரிசையில் பதினைந்தாவதாக நிற்கிறது கண். பவர் 7.5 டயாப்டருக்குக் கீழே இருந்தால், பார்வையைச் சரிசெய்யும் சிகிச்சை தொடர்பான செலவு எதுவும் கிடைக்காது. ஏழரையோ அதற்கு மேலோ இருந்தால் லேசர் சிகிச்சைக்குப் பணம் கேட்கலாம். 2020 அக்டோபர் முதல் நாடு முழுக்க இதுதான் வாசகம். ஏழரைச் சனியாவது ஏழரை வருஷத்தில் விலகிவிடும்; உங்கள் ஏழரை புதுப்பிக்கும்போதெல்லாம் பாலிசியோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படுகிறது.

இந்த எண்ணை ஏலப்பாறையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் நோக்கம். இடுக்கி மாவட்டம், பீர்மேடு தாலுகா. குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குப் போகும் வழியில் தேயிலைக்கு நடுவே ஓர் ஊர். தலைமுறைகளாக இங்கே கொழுந்தெடுக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, படித்து, கொச்சிக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போன பிள்ளைகள் அப்பா அம்மாவையும் சேர்த்து பாலிசி எடுக்கிறார்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-இல் நீங்கிய பிறகு, 'இப்போதாவது எடுங்கள்' என்று ஏஜென்ட்டுகள் மலையேறி வருகிறார்கள். ஆகவே நாங்களும் உங்கள் வாடிக்கையாளர்கள்தான். எங்கள் கண்களும் உங்கள் அதிகார எல்லைக்குள் வருகின்றன.

மைனஸ் பவரை மீட்டர் கணக்கில் சொல்வது எளிது. ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால், கண்ணாடியைக் கழற்றிய கண் எவ்வளவு தூரம் வரை தெளிவாகப் பார்க்கும் என்பது வந்துவிடும். மைனஸ் 7.5 உள்ளவருக்கு 13.3 சென்டிமீட்டர். மைனஸ் 7.25 உள்ளவருக்கு 13.8. இந்த அரை சென்டிமீட்டர்கூட இல்லாத வித்தியாசத்தில்தான் ஒருவர் நோயாளி ஆகிறார், இன்னொருவர் அழகுக்கு ஆசைப்பட்டவர் ஆகிறார். சரி, கோடு என்றால் எங்காவது போட்டுத்தானே ஆக வேண்டும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோடு எந்தத் தேவையை அளக்கிறது? மைனஸ் 3 உள்ளவரின் தெளிவு 33 சென்டிமீட்டரோடு முடிகிறது. தேயிலைச் செடியின் முன் நின்று கையை நீட்டினால் விரல் நுனி அதைத் தாண்டிப் போகிறது. அந்தத் தூரத்தில் எது கொழுந்து, எது முற்றிய இலை, எது இலைநிறத்தில் சுருண்டு கிடக்கும் பாம்பு என்று கண்ணாடி இல்லாமல் தெளிவாகப் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் கணக்கில் இவருடைய குறை பாதிகூட ஆகவில்லை. வேலைக்களத்தில் மைனஸ் மூன்றும் மைனஸ் எட்டும் ஒரே அளவுக்குத்தான் கண்ணாடியை நம்பி நிற்கின்றன.

இங்கே இன்னொரு வேடிக்கை உண்டு. மைனஸ் 7.25-இல் நிற்கும் ஒரு பையன் கால் பாயிண்ட் ஏறினால் தகுதி பெற்றுவிடுவான். இருட்டில் செல்போன் பார்க்கட்டும், குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்ளட்டும், எப்படியாவது ஏற்றிவிடலாம் என்று வீட்டில் திட்டமிடலாம். ஆனால் பவர் ஓராண்டாவது ஏறாமல் நின்றால்தான் டாக்டர்கள் லேசரைக் கையில் எடுப்பார்கள். ஏறினால் டாக்டர் மறுப்பார்; நின்றால் நீங்கள் மறுப்பீர்கள். அதோடு, லேசர் வேலை செய்யும் விதமே உங்கள் கோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. கருவிழிப் படலத்தின் மொத்த தடிமன் சராசரியாக 540 மைக்ரான். லேசிக் என்ற லேசர் முறையில் மேலே ஒரு மெல்லிய மடலைத் திறந்து, உள்ளே ஒரு டயாப்டருக்குத் தோராயமாக 12 மைக்ரான் வீதம் சீவுகிறார்கள். மைனஸ் மூன்றுக்கு 36 மைக்ரான் போதும். ஏழரைக்கு 90 வேண்டும். மடலுக்கு அடியில் 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும் என்பது பழைய கணக்கு, இப்போது பலரும் 300 கேட்கிறார்கள். பவர் கூடக் கூட இந்தக் கையிருப்பு கரைகிறது. பல கண்களுக்கு 'லேசிக் வேண்டாம், உள்ளே லென்ஸ் வைக்கலாம்' என்று சொல்லிவிடுகிறார்கள். ஆக, லேசருக்கு வாகான கண்ணுக்குப் பணமில்லை. லேசர் தயங்கும் கண்ணுக்குப் பணமுண்டு. சென்னையில் பிறந்த விஞ்ஞானி ஆர். சீனிவாசன் 1981-இல் நியூயார்க் மாநிலத்து ஐபிஎம் ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் மீது எக்சைமர் லேசரைப் பாய்ச்சி, சுற்றியுள்ள திசு கருகாமல் வெட்டலாம் என்று கண்டதிலிருந்துதான் இந்தச் சிகிச்சை முளைத்தது. அந்த வான்கோழிக்கு என்ன பவர் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் உங்களுக்கு நுணுக்கமாக விதி எழுதத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். அதே வழிகாட்டுதலின் ஆறாவது விலக்கைப் பாருங்கள். உடல் பருமனுக்கான அறுவைக்கு பிஎம்ஐ 40 வேண்டும் என்று எழுதிவிட்டு, அங்கேயே நிற்காமல், 35 இருந்தாலும் கூடவே கடுமையான இதயநோயோ, தூக்கத்தில் மூச்சுத் திணறலோ, கட்டுப்படாத சர்க்கரையோ இருந்தால் போதும் என்று சேர்த்திருக்கிறீர்கள். எண்ணைப் பார்த்தீர்கள், அந்த எண்ணோடு மனிதன் எப்படி வாழ்கிறான் என்பதையும் பார்த்தீர்கள். வயிற்றுக்குக் காட்டிய இந்த இரக்கம் ஒரு சாண் மேலே ஏறிக் கண்ணுக்கு வரும்போது எங்கே போனது? அழகு சிகிச்சைக்கு என்று எட்டாவது விலக்கு தனியாக இருக்கிறது. கண் அறுவையும் வெறும் அழகுதான் என்றால் அதிலேயே அடங்கியிருக்குமே! பதினைந்தாம் எண்ணைத் தனியாக எழுதியதன் மூலம், இது அழகு விஷயம் அல்ல என்று நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்.

கண்ணாடி இருக்கும்போது அறுவை எதற்கு என்பது உங்கள் தரப்பின் பலமான கேள்வி. உண்மையில் பெரும்பாலானவர்களுக்கு நல்ல கண்ணாடியே போதும். அதற்குச் சான்றும் இருக்கிறது. அசாமில் 40 வயது தாண்டிய 751 தேயிலைத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. பக்கத்தில் உள்ளதைப் பார்ப்பதற்கான கண்ணாடி பெற்றவர்களின் கொழுந்தெடுப்பு, பெறாதவர்களோடு ஒப்பிட்டால் 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. அது லேசருக்கான சான்று அல்ல, கண்ணாடிக்கான சான்று. நல்லது, அந்தக் கண்ணாடிக்குக் காசு தருகிறீர்களா? பெரும்பாலான பாலிசிகளில் அதுவும் விலக்குதான். 'கண்ணாடி போட்டுக்கொள்' என்று அறுவையை மறுப்பது, 'கண்ணாடி மருத்துவச் செலவு அல்ல' என்று பில்லை மறுப்பது, இரண்டையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து செய்ய ஒரு தனித் திறமை வேண்டும். தவிர, ஏலப்பாறையின் மழைக்காலத்துக்குக் கண்ணாடி சரிப்பட்டு வராத வேலைகள் உண்டு. தலையில் பிளாஸ்டிக் சீட்டு, இரண்டு கையிலும் கத்தரி, முதுகில் கொழுந்துச் சாக்கு. லென்ஸில் நீர் கோத்தால் துடைக்கக் காய்ந்த துணி உடம்பில் எங்கும் இருக்காது. பனியிலிருந்து டிரையர் சூடு அடிக்கும் ஃபேக்டரிக்குள் நுழைந்தால் அடுத்த நொடி வெள்ளைத் திரை. இரவில் வாகமண் சாலையில் ஜீப் ஓட்டுபவருக்கு மூடுபனி வெளியே ஒன்று, கண்ணாடியில் ஒன்று.

சரி, எப்படியோ கடன் வாங்கிச் செய்துகொண்டவரின் கதைக்கு வருவோம். கண் ஒன்றுக்கு நிமிடக் கணக்கில் முடிந்துவிடும் சிகிச்சை என்று விளம்பரம் சொல்வது பொய்யில்லை. முடியாமல் இழுப்பது அதன் பிறகான நாட்கள். கிருமி வராமலிருக்க ஒரு சொட்டு, வீக்கம் தணிய ஒரு சொட்டு, ஈரம் காக்க மணிக்கொரு சொட்டு. ராத்திரி தூக்கத்தில் கை கண்ணைக் கசக்கிவிடக் கூடாதென்று பிளாஸ்டிக் மூடியை டேப் போட்டு ஒட்டிக்கொள்வது. தலைக்குக் குளிக்கத் தடை, தூசிக்குத் தடை, புகைக்குத் தடை. விறகடுப்பு எரியும் லயத்து வீட்டில் புகைக்குத் தடை என்றால் வீட்டுக்கே தடை என்று பொருள். மடலைத் திறக்கும்போது கருவிழியின் நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன. அவை மறுபடி வளர மாதங்கள் ஆகும், அதுவரை கண் காய்ந்து உறுத்தும். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். பலருக்குச் சில மாதங்களில் மங்கிவிடும், சிலருக்குத் தங்கிவிடும். குட்டிக்கானம் வளைவில் எதிரே பனியைக் கிழித்து வரும் பஸ்ஸின் முகப்பு விளக்கு, அந்த மாதங்களில் ஜீப்காரருக்கு இரண்டு பெரிய ஒளித்தட்டாகத் தெரியும். இல்லாத கண்ணாடியை ஏற்றிவிட மூக்குத்தண்டுக்குப் போகும் விரல் சில வாரங்களில் அடங்கிவிடும். வருமானமில்லாத வாரங்களின் கடன் அடங்காது. மறுபரிசோதனைக்குக் குமுளி, கம்பம் வழியாகத் தேனிக்கு இறங்கி ஏற ஒரு நாள் கூலி போகும். ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சை என்றால், பிறகு சில வாரங்களுக்கான மருந்துச் செலவும் பாலிசியில் கிடைக்கும். விலக்கப்பட்ட சிகிச்சைக்கு அந்தச் சொட்டு மருந்தும் விலக்கு. உங்கள் வாசகத்தில் உள்ள 'தொடர்பான' என்ற சொல் அவ்வளவு தூரம் நீள்கிறது.

'நாற்பதில் எப்படியும் வெள்ளெழுத்து வந்து கண்ணாடி போடத்தானே போகிறார்' என்பார் உங்கள் அதிகாரி ஒருவர். போடட்டும். அது பெரும்பாலும் பேப்பர் படிக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் சட்டைப் பையிலிருந்து எடுக்கும் கண்ணாடி, மழையில் நனையாது. இருபத்தைந்தில் செய்துகொண்டவருக்கு அதற்குள் உழைப்பின் பதினைந்து ஆண்டுகள் கிடைத்திருக்கும். 'காப்பீடு எதிர்பாராததற்கு, இது தெரிந்தே செய்வது' என்பது அடுத்த வாதம். கண்புரை மட்டும் சொல்லாமல் கொள்ளாமலா வருகிறது? அதற்கு வழக்கமாக 24 மாதக் காத்திருப்பு வைத்துப் பிறகு தருகிறீர்கள், அங்கே லென்ஸ் வைத்ததும் தூரப்பார்வையின் பவரும் சேர்ந்தே சரியாகிறது. அறுபதில் கண்ணாடியைக் கழற்றினால் மருத்துவம், இருபத்தைந்தில் கழற்றினால் ஆடம்பரம். இன்னொரு மத்திய அரசு அலுவலகத்தையும் கேட்டுப் பாருங்கள்: ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு லேசிக் செய்தவரை எடுப்பதில்லை, கண்ணின் தகுதியையே மாற்றிவிடும் அறுவை என்று அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாரும் வரிசையில் நின்றால் பிரீமியம் ஏறிவிடும் என்ற கவலை மட்டும் நியாயமானது. அதனால்தான் எல்லாருக்கும் கேட்கவில்லை.

கேட்பது இவ்வளவுதான். பருமனுக்கு எழுதிய அதே வடிவத்தில் கண்ணுக்கும் எழுதுங்கள்: ஏழரை, அல்லது மூன்றுக்கு மேல் பவரோடு மழையிலும் பனியிலும் புகையிலும் கண்ணாடி பயன்படாத தொழில். தொழிலுக்குச் சான்று வேண்டுமா, தோட்டத்துச் சம்பளச் சீட்டும் ஓட்டுநர் பேட்ஜும் இருக்கின்றன. பவர் ஏறாமல் நிற்கிறது, கருவிழி தடிமன் போதும் என்ற கண் டாக்டரின் சான்று, கண்புரைக்கு உள்ள அதே 24 மாதக் காத்திருப்பு, இரண்டையும் கட்டாயமாக்குங்கள். லேசர் கூடாதென்று டாக்டர் சொன்னால் இரண்டு ஆண்டுக்கு ஒரு கண்ணாடிக்காவது பணம் கொடுங்கள். போகிற போக்கில் ஒரு சந்தேகத்தையும் தீர்த்து வையுங்கள்: இடது கண் எட்டு, வலது கண் ஆறு உள்ளவருக்கு ஒற்றைக் கண்ணை மட்டும் ஒப்புக்கொள்வீர்களா, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பீர்களா? உங்கள் வாசகத்தில் அதற்குப் பதில் இல்லை. பதிலை இந்தப் பருவமழைக்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும். கொஞ்சம் பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஏழரையை எட்டாத ஒரு பாலிசிதாரர்,
ஏலப்பாறை.