சங்கு இருக்க பாட்டில் எதற்கு?

கேள்வி: சிவகாசியில் கம்பி மத்தாப்பு ஆலையில் வேலை பார்க்கிறேன். பிள்ளைக்கு எட்டு மாதம். எந்தப் பால் பாட்டில், எந்தக் காலணி வாங்கலாம்?

பதில்: இரண்டிலுமே காசு மிச்சம், தாயி! பால் பாட்டிலுக்கு விளம்பரமே கூடாது என்று 1992-லேயே இந்தியாவில் சட்டம் வந்துவிட்டது. ரப்பர் காம்பின் இடுக்கில் தங்கும் பாலில் கிருமி பெருகும். தாய்ப்பாலைப் பீய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். பாட்டி சங்கில் புகட்டட்டும். சங்கைத் தேய்த்துக் கழுவி, கொதிநீரில் போட்டு எடுப்பது சுலபம். ஆலையிலிருந்து வந்ததும் கை, முகம் கழுவி, சேலை மாற்றிவிட்டே பிள்ளையைத் தூக்குங்கள். மருந்துத் தூள் பிஞ்சு உடம்புக்கு ஆகாது.

நடக்காத காலுக்குக் காலணி எதற்கு? நடை பழகும்போதும் வீட்டுக்குள் வெறுங்கால்தான் நல்ல வாத்தியார். தெருவில் இறங்கும் நாளில், வளைந்து கொடுக்கும் அடிப்பாகம், விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம், பின்வார் உள்ளதாகப் பாருங்கள். வளரும் பிள்ளைதானே என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால், கால் வளரும் முன்னே பல் உடையும்!

தீபாவளிக்கு மூடிய காலணி கட்டாயம். எரிந்த கம்பியை உடனே தண்ணீர் வாளியில் போடுங்கள். வெளிச்சம் போனாலும் சூடு போகாது. மத்தாப்பு செய்யும் கைக்கு அது தெரியாததா!