பதினான்குக்கு மேல் கேட்பவர் எதை நம்பிக் கேட்கிறார்?

கோவையிலிருந்து பாலக்காடு போகும் ரயில் வாளையாறைத் தாண்டினால் கஞ்சிக்கோடு. கேரளத்தின் பெரிய தொழிற்பேட்டைகளில் ஒன்று இங்கே இருக்கிறது. பாலக்காடு ஐஐடியும் இங்கேதான். கணக்குத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லாத ஊர். ஆயினும் கேரளத்தார் தலைமுறைகளாக ஆடிவரும் 'இருபத்தெட்டு' சீட்டாட்டத்தில் கேள்வி கேட்பவரின் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை அறிஞருலகம் கண்டுகொள்ளவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் தரவுகள். சீட்டுகள் 32, ஆட்கள் நால்வர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஜாக்கிக்கு (மலையாளத்தில் குலான்) 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ராஜாவுக்கும் ராணிக்கும் பூஜ்யம். ஜாதிக்கு 7 வீதம் நான்கு ஜாதிக்கு 28. ஈழத்தமிழர் ஆடும் 304-லும் ஜாக்கியே தலைவர். அங்கே அவர் மதிப்பு 30.

ஆளுக்கு நான்கு சீட்டு விழுந்ததுமே ஏலம் தொடங்கிவிடும். தம் ஜோடி இத்தனை புள்ளி எடுக்கும் என்று சொல்லும் எண்ணே கேள்வி; குறைந்தபட்சம் 14. நான்கு ஜாக்கிகளும் ஒருவர் கைக்கே வந்தாலும் 12 புள்ளிதான். ஆகவே இவ்வாட்டத்தில் சொந்தக் கையிருப்பை வைத்து எவரும் கேள்வி கேட்டதில்லை என்பது முதல் தேற்றம். மீதி கூட்டாளியிடமிருந்தோ, எதிராளி போடும் சீட்டிலிருந்தோ, இன்னும் போடாத பாதிக் கட்டிலிருந்தோ வந்தாக வேண்டும்.

ஒப்பீட்டுக்குக் காண்ட்ராக்ட் பிரிட்ஜ். 1925-இல் அமெரிக்கக் கோடீஸ்வரர் ஹெரால்டு வாண்டர்பில்ட் கப்பல் பயணத்தில் இதன் புள்ளிமுறைக்கு வடிவம் கொடுத்தார். அங்கே கேட்கத்தக்க கேள்விகள் 35. ஒவ்வொன்றும் கூட்டாளிக்கு ஒரு சேதி. விட்டுவிடுவதா, இன்னும் ஏறுவதா என்ற சங்கடத்துக்குப் பிரெஞ்சுக்காரர் ழான்-ரெனே வெர்ன் சூத்திரமே தந்தார். ஜோடியிடம் 9 துருப்பு இருந்தால் 9 பிடி வரை போட்டியிடலாம் என்பது அதன் நடைமுறைச் சாரம்.

இருபத்தெட்டில் கூட்டாளிக்கு அப்படிச் சேதி சொல்லும் வசதி கிடையாது. எண்ணை மட்டுமே சொல்லலாம். துருப்பு எந்த ஜாதி என்பது கேட்டவருக்கு மட்டுமே தெரியும். ஏலம் எடுத்தவர் அதைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அறுவர் ஆடும் 'ஐம்பத்தாறில்' ஜாதியையும் சேர்த்துச் சொல்லலாம். அங்கே எண் முந்தியா ஜாதி முந்தியா என்பதில்கூடப் பொருள் இருக்கும்.

இனி ஒரு கை. ஸ்பேடில் ஜாக்கி, ஒன்பது, ஆஸ்; கூடவே ஹார்ட் ஏழு. மொத்தம் 6 புள்ளி. இவர் 16 என்கிறார். வலப்பக்கத்தார் 17. இவர் 18. அவர் 19. கையில் சீட்டு மாறவில்லை, காதுதான் சிவக்கிறது. இவர் 20 என்கிறார்.

"என்ன தைரியத்துல அண்ணா இருபது கேட்டீங்க?" என்கிறார் கூட்டாளி.

"பின்னே அவனுக்கு விட்டுக்குடுக்கச் சொல்றியா?"

இப்பதிலில் ஸ்பேடும் இல்லை, புள்ளியும் இல்லை என்பதை ஆய்வாளர் கவனிக்க வேண்டும். 16 வரை கேட்டது சீட்டு. அதற்கு மேல் கேட்டது வலப்பக்கத்தார்மீதுள்ள கோபம். இதுவே இரண்டாம் தேற்றம்.

இந்த நோய்க்குக் கேரளம் கண்ட மருந்து 'குணுக்கு'. தோற்றவர் காதில் கம்மல்போல எதையாவது மாட்டிக்கொண்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும், ஜெயித்தால்தான் கழற்றலாம். காசு வைத்து ஆடினால் நஷ்டம் பைக்குள்ளேயே மறைந்துவிடும். குணுக்கோ வழியில் போகிறவருக்கும் தெரியும். இதனால் கேள்வி குறையும் என்றே எவரும் எதிர்பார்ப்பார். கள நிலவரம் நேர்மாறு: காதில் ஏறிவிட்டதைக் கழற்றும் அவசரத்தில் அடுத்த ஆட்டத்தில் 21 கேட்கிறார்கள். கூட்டாளிக்கும் சேர்த்தே குணுக்கு விழும் இடங்களில் அவர் கருத்தைக் கேட்டறிவது இவ்வாய்வின் அடுத்த கட்டம். தற்சமயம் அவர் பேசும் மனநிலையில் இல்லை.